தான செட்டில்மெண்டில் அந்த ஒரு வரி

அஸ்தம்பட்டி மகள்:
செவ்வாய்பேட்டை வெள்ளி அண்ணன் நேற்று எழுதியது இது: "வயதானவர்கள் வீட்டை இப்போதே மகன் பேருக்குத் தான செட்டில்மெண்ட், அதாவது பணம் வாங்காமல் குடும்பத்துக்குள் சொத்தைக் கொடுக்கும் பத்திரம், எழுதிவிடலாம். பின்னாடி பார்க்காமல் விட்டால் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) ஒரு மனு போதும், பத்திரம் ரத்து." படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. இதை நம்பி எத்தனை பேர் கையெழுத்துப் போடப் போகிறார்களோ! 2007ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில், பார்க்காமல் விட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி சொல்லும் 23ஆம் பிரிவு எல்லாப் பத்திரத்துக்கும் வராது. "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்று நிபந்தனையாக ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால்தான் வரும். என் அப்பா எழுதியதில் "அன்பினால்" என்று மட்டும் இருக்கிறது. பக்கவாதம் வந்து நாலு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். பார்த்துக்கொள்ள வரும் ஆளுக்கு மாதச் சம்பளம் 22,000, டயப்பரும் பிசியோவும் தனி. வீடு அண்ணன் பேரில்.

செவ்வாய்பேட்டை வெள்ளி:
தங்கச்சி, தெரிந்துகொண்டு பேசுங்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் மகனுக்கு எழுதிய பத்திரத்தை ரத்து செய்தது. அதே வருடம் மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினம் வழக்கில், அன்பும் பாசமும் என்பதற்குள்ளேயே நிபந்தனை அடக்கம் என்று சொல்லிவிட்டது. வரி, வரி என்று ஊரைப் பயமுறுத்த வேண்டாம்.

அஸ்தம்பட்டி மகள்:
மத்தியப் பிரதேச வழக்கை முழுசாகச் சொல்லுங்கள். கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த மகன் தனியாக ஒரு உறுதிமொழியும் எழுதிக் கொடுத்திருந்தார். எழுத்து இருந்தது அண்ணா, எழுத்து! நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு 23 செல்லாது என்று 2022 டிசம்பரில் சொன்னதும் அதே உச்ச நீதிமன்றம்தான். நாகப்பட்டினம் தீர்ப்பை நானும் படித்தேன். அந்த வரி பத்திரத்திலேயே இருந்திருந்தால் உள்ளே அடக்கமா இல்லையா என்று வாதாடவே வேண்டியதில்லை. படுக்கையில் இருப்பவருக்கு வழக்கு நடத்தத் தெம்பு ஏது?

ஏற்காடு மிளகு:
பத்திரச் சண்டையை விடுங்கள், மாதாமாதம் பணம் வர வழி பாருங்கள். எங்கள் பெரியப்பா காப்பித் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்று, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டார். அதுதான் உச்சவரம்பு. வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வருகிறது. ஆள் சம்பளம் முக்கால்வாசி அதில் போய்விடுகிறது. மருத்துவக் காப்பீட்டை நம்பி உட்கார வேண்டாம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பணம் கொடுத்தார்கள், வீட்டில் ஆள் வைத்ததற்கு எங்களுக்கு ஒரு ரூபாய் வரவில்லை.

செவ்வாய்பேட்டை வெள்ளி:
தோட்டம் இருப்பவர்கள் விற்பார்கள். கொலுசுப் பட்டறைக்காரனுக்கு இருப்பது ஒரே வீடு. அதை விற்றுவிட்டு அம்மாவைத் திண்ணையிலா படுக்க வைப்பது? அப்புறம், பெரியப்பாவை அந்தக் குளிரில் வைத்திருக்கிறீர்களே, ராத்திரி மூச்சு வாங்கினால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டுமே, யோசித்தீர்களா?

ஏற்காடு மிளகு:
எண்பது வருடம் மலையில் இருந்தவர். சேலத்து வெயிலில் கொண்டுவந்து போட்டால் ஒரு வாரம் தாங்க மாட்டார். எங்கள் வீட்டுப் பெரியவரை எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியும்.

குகை நெசவு:
அஸ்தம்பட்டி அக்கா, எல்லாம் அண்ணன் தலையிலேயே போடுகிறீர்கள். பிள்ளைகள் என்றால் சட்டத்தில் மகன் மட்டும்தானா? நீங்கள் எவ்வளவு தருகிறீர்கள்? இந்தத் தலைவலியே வேண்டாமென்றால் பெரியவர் சார்பில் நாமே காரியம் பார்க்க ஒரு பவர் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டால் போதுமே.

அஸ்தம்பட்டி மகள்:
மகன், மகள், பேரன், பேத்தி எல்லாரும்தான். மாதம் 8,000 கொடுக்கிறேன், ஞாயிறு முழுக்க அப்பாவுக்கு நான்தான். இதைச் சபையில் சொல்ல வைத்துவிட்டீர்கள், சரி. பவர் பற்றிக் கேட்டீர்கள். எழுதிக் கொடுத்தவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால் பவரும் செத்துப்போகும், ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவு. ஞாபகம் போன பெரியவருக்காகக் கணக்கு நடத்த உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். பிள்ளைகள் தர வேண்டும் என்று ஆர்.டி.ஓ. தீர்ப்பாயம் போடும் ஜீவனாம்சமும் அந்த 2007 சட்டப்படி மாதம் 10,000க்கு மேல் போகாது. ஆள் சம்பளத்தில் பாதிகூட வராது. அதனால்தான் வீடு முக்கியம். அதனால்தான் அந்த வரி முக்கியம். இல்லையென்றால் உயில் எழுதுங்கள், உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம்.

செவ்வாய்பேட்டை வெள்ளி:
உயிலாம்! நாளைக்கு மாற்றிவிடுவார்களோ என்று தெரியாமல் எந்த மகன் கடன் வாங்கி அப்பன் வீட்டுக்கு ஒட்டுப்போடுவான்? ஒன்பது வருடம் என் அம்மாவுக்கு மலஜலம் எடுத்தவன் நான். என் அம்மா பத்திரத்தில் அப்படி ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தால் என் முகத்தில் துப்பியதாகத்தான் நினைத்திருப்பேன். போன வருடம் ஏலச்சீட்டுப் பேச்சிலும் இதேதான். யாரையும் நம்ப மாட்டீர்கள், எல்லாரையும் திருடனாக்குவீர்கள்.

அஸ்தம்பட்டி மகள்:
ஏலச்சீட்டில் நான் சொன்னபடிதான் நடந்தது, பணம் போனவர்களைக் கேளுங்கள். நீங்கள் நல்ல மகன், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் பத்திர ஆபீஸ் வாசலில் நிற்கும் எந்த மகனும் அன்றைக்கு நல்ல மகன்தான், என் அண்ணனும் அப்படித்தான் நின்றான். அப்பாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தான். அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி நான் வாய் திறந்தபோது, கல்யாணம் ஆகிப் போனவளுக்கு இங்கே என்ன பேச்சு என்றார்கள்.

குகை நெசவு:
வீட்டுக் கதையை ஏன் அக்கா இங்கே கொண்டுவருகிறீர்கள்? உங்களுக்கும் அந்த வீட்டில் பங்கு வேண்டும் என்று நேராகவே சொல்லிவிடலாமே.

அஸ்தம்பட்டி மகள்:
ஒரு செங்கல் வேண்டாம் எனக்கு. அந்த ஆள் சம்பளத்துக்கு மேல்மாடி வாடகை வந்தால் போதும், அதைக் கேட்கக்கூடப் பத்திரத்தில் வரி இல்லை என்றுதான் சொல்கிறேன்.

செவ்வாய்பேட்டை வெள்ளி:
நாகப்பட்டினம் தீர்ப்பை இன்னொரு தடவை படியுங்கள் தங்கச்சி. வரி தேவையில்லை.

அஸ்தம்பட்டி மகள்:
தேவை.