பிஎச்டிக்கு ரெண்டு மொழி கேக்கினம், தமிழைக் கணக்கில எடுப்பினமா?

வெள்ளவத்தைப் பிள்ளை:
வணக்கம். வரலாறு சிறப்புக்கலை, தமிழ் மொழிமூலம் முடிச்சனான். இப்ப ஒரு டியூட்டரியில உயர்தரப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன். அமெரிக்காவில பிஎச்டிக்கு வாற டிசம்பருக்குள்ள விண்ணப்பிக்க யோசனை. தலைப்பு, ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில பெண்களின்ர சீதனக் காணி. நான் பாத்த துறைகளில ஆங்கிலம் தவிர ரெண்டு மொழியில வாசிப்புத் தேர்ச்சி வேணுமாம், உதாரணத்துக்கு பிரெஞ்சு, ஜெர்மன் எண்டு போட்டிருக்கு. எனக்குத் தமிழும், கந்தோரில அலுவல் முடிக்கிற அளவுக்குச் சிங்களமும்தான். பார்ன்ஸ் பிளேஸ் அலியான்ஸில பிரெஞ்சு தொடங்கட்டா? அம்மா "முதல்ல இங்கிலீசைப் பார்" எண்டுறா.

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஜெர்மன் படியுங்கோ தங்கச்சி. கிரெகரிஸ் வீதியில கோத்தே நிறுவனம் இருக்கு. அமெரிக்கா சரிவராட்டி ஜெர்மனிக்குப் போகலாம், அங்க அரச பல்கலைக்கழகங்களில பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை.

தோம்பு அக்கா:
தங்கச்சி, பிரெஞ்சும் வேண்டாம், ஜெர்மனும் வேண்டாம், ஒல்லாந்த மொழியைப் படியுங்கோ. நான் அமெரிக்காவில வரலாற்றில பிஎச்டி முடிச்சிட்டு வந்தனான், கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன்.

அம்மா சொல்லுறது சரி. பல்கலைக்கழகத்தில பிஎச்டி அனுமதியைப் பாக்கிற கலை, விஞ்ஞானப் பட்டப்பின் பள்ளி பாக்கிறது உங்கட ஆங்கிலத்தை. ஆங்கில மொழிமூலம் பட்டம் எடுத்த ஆக்களுக்குப் பல இடங்களில விலக்கு இருக்கு. உங்கட பட்டம் தமிழில, அதால டோஃபல், ஐஈஎல்டிஎஸ் மாதிரி ஒரு ஆங்கிலப் பரீட்சை எடுக்கத்தான் வேணும். பெறுபேறு ரெண்டு வருஷத்துக்குச் செல்லும்.

வாசிப்பு மொழியைத் தீர்மானிக்கிறது துறை. விண்ணப்பிக்கேக்கையே சித்தியடைஞ்சிருக்கத் தேவையில்லை, சேர்ந்த பிறகு, அனேகமாத் தகுதிகாண் பரீட்சைக்கு முன்னம் முடிச்சாப் போதும். ஏதாவது ஆய்வுக் கட்டுரையில ஒரு பகுதி தருவினம். அகராதி வைச்சுக்கொண்டு, குறிச்ச நேரத்துக்குள்ள அதை ஆங்கிலத்தில மொழிபெயர்த்து எழுதவேணும். ஒரு சொல்லும் பேசத் தேவையில்லை. கடையில கோப்பி கேக்கிறது எப்படி எண்டு மாசக்கணக்காப் படிச்சு இந்தப் பரீட்சைக்கு என்ன பிரயோசனம்?

பிரெஞ்சு, ஜெர்மன் எண்டு போடுறது ஐரோப்பிய வரலாறு செய்யிற பிள்ளையளை நினைச்சு. நீங்கள் பாக்கவேண்டியது உங்கட மூலாதாரம் என்ன மொழியில கிடக்கு எண்டு. தேசவழமையை, அதுதான் யாழ்ப்பாணத் தமிழரின்ர வழக்கச் சட்டத்தை, தொகுத்தது ஆர்? யாழ்ப்பாணத்தில ஒல்லாந்தரின்ர திசாவையா, அதாவது பிரதேச நிர்வாக அதிகாரியா இருந்த கிளாஸ் ஐசாக்ஸ், 1707இல. ஒல்லாந்த மொழியில எழுதி, தமிழில பெயர்ப்பிச்சு, 12 முதலியார்மாரிட்டக் காட்டி ஒப்புதல் வாங்கினவை. ஆங்கிலேயர் 1806இல அதைச் சட்டமாக்கினது பிறகு நடந்த கதை. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்து) பற்றிக் கேள்வி கேக்கப்போற ஆள் ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் வைச்சு எழுதினா நேர்முகத்திலேயே பிடிச்சிடுவினம்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின்ர இலங்கைப் பதிவுகளில பெரும்பங்கு உங்கட வீட்டில இருந்து ஒரு பஸ் தூரத்தில, கொழும்பு 7 தேசிய சுவடிகள் திணைக்களத்தில கிடக்கு. கொம்பனியின்ர சுவடிகளை யுனெஸ்கோ 2003இல உலக நினைவுப் பதிவேட்டில சேர்த்தது. அமெரிக்கப் பிள்ளையள் புலமைப்பரிசில் எடுத்து இங்க வந்து புரட்டுதுகள், நாங்கள் பிரெஞ்சு வகுப்புத் தேடுறம்!

தமிழ் கணக்கில வருமோ எண்டா, ஆய்வுக்குப் பாவிக்கிறீங்கள் எண்டு காட்டினாப் பல துறைகள் எடுக்கும், தாய்மொழி எண்டாலும். சிக்காகோ, பெர்க்லி மாதிரித் தமிழ் படிப்பிக்கிற இடங்களில உங்களைச் சோதிக்க ஆளும் இருக்கு. கோர்னெலில சிங்களமும் படிப்பிக்கினம். எண்டாலும் துறைக்குத் துறை மாறும், மேற்பார்வையாளரா வரக்கூடிய பேராசிரியருக்கு நேர மின்னஞ்சல் போடுங்கோ.

வெள்ளவத்தைப் பிள்ளை:
நன்றி அக்கா. ஒல்லாந்த மொழியை இங்க எங்க படிக்கிறது? அங்க போய்ப் படிக்க உதவித்தொகை ஏதும் இருக்கோ? ஃபிளாஸ் எண்டு ஒண்டு கண்டனான்.

தோம்பு அக்கா:
ஃபிளாஸை மறந்திடுங்கோ, அது பிறநாட்டு மொழி படிக்க அமெரிக்க அரசு குடுக்கிற உதவித்தொகை, அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள ஆக்களுக்கு. அங்க வேற வழியள் இருக்கு, கோடைகால வகுப்புக்குத் துறையே காசு குடுக்கிறதும் உண்டு, அதையும் அந்த மின்னஞ்சலில கேளுங்கோ. இப்போதைக்கு இணையத்தில அடிப்படை இலக்கணம் பாருங்கோ, ஆங்கிலம் தெரிஞ்ச கண்ணுக்கு அச்சில உள்ள ஒல்லாந்தம் கெதியாப் பிடிபடும். 18ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துத்தான் ஆளைக் கொல்லும். விண்ணப்பத்தோட குடுக்கிற நோக்க அறிக்கையில "ஒல்லாந்தம் தொடங்கிட்டன்" எண்டு உண்மையா எழுதக்கூடியதா இருக்கவேணும், அதுக்குத்தான் இப்பவே சொல்லுறன்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
இவ்வளவும் படிச்சிட்டு வந்து திரும்ப டியூட்டரி தானே அக்கா?

தோம்பு அக்கா:
தம்பி, டியூட்டரி சேர்மாரின்ர வருமானம் தெரியாமல் கதைக்கிறீர். பிள்ளை, ஐஈஎல்டிஎஸ் திகதியைப் பதிஞ்சிட்டு வந்து சொல்லுங்கோ, மின்னஞ்சலைச் சேர்ந்து எழுதுவம்.