நெடுந்தீவுப் பிள்ளையளுக்கு ஆய்வுகூடம் வேணுமா, வேண்டாமா?

நெடுந்தீவான்: "யாழ்ப்பாணத்துத் தீவுப் பள்ளிக்கூடங்களுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை, செயற்றிட்டம் காணும்" எண்டு நேற்று கனடா அண்ணை ஒருத்தர் எழுதியிருக்கிறார். கிணத்துத் தண்ணி ஒரு லீற்றர் அள்ளி, வத்தவைச்சு, மிஞ்சிற உப்பை நிறுத்தால் அதுதானாம் விஞ்ஞானம். தராசு எங்க அண்ணை?

கனடாக்காரன்: கடைத் தராசில நிறுங்கோவன்! எல்லாத்துக்கும் ஒரு சாட்டு.

நெடுந்தீவான்: கடைத் தராசுக்கு ரெண்டு கிராம் தெரியுமோ? கடல் தண்ணியிலயே லீற்றருக்கு 35 கிராம்தான். உவர்க்கிணத்தில ரெண்டு, மூண்டு கிராம் கிடந்தாலே வாயில வைக்கேலாது. அதை எதில நிறுக்கிறது?

கரம்பன் பெடி: முட்டையை மிதக்கவிட்டுப் பாக்கலாமே 😀

நெடுந்தீவான்: நல்ல முட்டை கடல் தண்ணியிலயே தாழும் தம்பி. போய்ப் படி.

வேலணை ரீச்சர்: பத்து லீற்றரா வத்தவைச்சால் நிறுக்கலாம்தானே?

நெடுந்தீவான்: விறகு நீங்கள் தாறியளோ? வத்தவைச்சாலும் சட்டியில மிஞ்சிறது முழுக்க உப்பில்லை ரீச்சர். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், கல்சியம் காபனேற்றும் சேர்ந்து படியும். உப்பில இருக்கிற குளோரைட்டைத் தனிய அளக்க வெள்ளி நைத்திரேற்று வேணும். அப்ப ஆய்வுகூடம் வேணும்தானே?

வேலணை ரீச்சர்: தராசை ஒருக்கா விடுங்கோ. உங்கட நெடுந்தீவிலயே சாறாப்பிட்டிப் பக்கம் நல்ல தண்ணி, மற்றப் பக்கம் உவர். ஏன்? கல்லுக்குள்ள இறங்கிற மழைத்தண்ணி கனங்குறைவு, உப்புத்தண்ணிக்கு மேல நிக்குது. கூட இறைச்சால் கீழ கிடக்கிற உப்பு ஏறும். மாரிக்கு முன்னும் பின்னும் கிணத்துக்குள்ள கயிறு விட்டு நீர்மட்டத்தைக் குறிச்சாலே பிள்ளையளுக்கு விளங்கும்.

நெடுந்தீவான்: கயிறு மட்டத்தை அளக்கும், உப்பை அளக்குமோ? தராசு எங்க?

கனடாக்காரன்: நாங்கள் குப்பி விளக்கில படிச்சு வந்தனாங்கள்.

நெடுந்தீவான்: வந்து அங்கயே நிண்டிட்டியள். சோளகக் காத்துக்கை குறிகட்டுவான் துறையில நெடுந்தீவு வள்ளம் பாத்துக்கொண்டு நிண்டால் தெரியும். ரீச்சர்மார் ஏன் இடமாற்றம் கேட்டு ஓடீனம் எண்டும் விளங்கும். வேலணைக்காரருக்கென்ன, பண்ணைப் பாலத்தால யாழ்ப்பாண ரவுணுக்கு பஸ்ஸில போகலாம்.

வேலணை ரீச்சர்: அப்ப வேலணை தீவில்லையோ? நாங்களும் தீவகக் கல்வி வலயம்தான். போன மாதம் படகுக் கதையிலயும் இப்பிடித்தான் என்னை நக்கலடிச்சனீங்கள், மறக்கேல்லை.

கனடாக்காரன்: தராசு என்ன விலை? காசு அனுப்புறன், வாயை மூடுங்கோ.

நெடுந்தீவான்: பிச்சை கேக்கேல்லை. ஆய்வுகூடம் வேண்டாமெண்டு எழுதினதை முதல்ல அழியுங்கோ.

கனடாக்காரன்: அழிக்கமாட்டன்.

வேலணை ரீச்சர்: நான் கேட்டதுக்கு மறுமொழி இல்லை. வேலணை தீவோ, இல்லையோ?