ரேயஸ் காலத்து நைன்பால் இப்ப ஏன் பாக்க கெடைக்கறதில்ல?

வேலந்தாவளம்_ஒம்பது:
எல்லாருக்கும் வணக்கமுங்க. நமக்கு சித்தூர் தாலுக்கா, செக்போஸ்ட் தாண்டுனா கோயமுத்தூர் ரோடு. அப்பெல்லாம் ராத்திரி கேபிள்ல நைன்பால் (1ல இருந்து 9 வரைக்கும் நம்பர் பால் வச்சு ஆடற பூல் ஆட்டம், டேபிள்ல இருக்கற சின்ன நம்பரத்தான் மொதல்ல தொடணும், 9 போட்டா ஜெயிப்பு) போடுவாங்க, வீட்டுல எல்லாரும் தூங்குனப்பறம் சத்தத்த கொறச்சு வச்சுட்டு பாப்பேன், பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் எஃப்ரேன் ரேயஸ் வந்தார்னா எந்திரிக்கவே மனசு வராது. இப்ப யூடியூப்ல எல்லா டோர்னமென்ட்டும் வருது, பசங்க தப்பே விடறதில்ல, ஆனா போட வேண்டிய பால் மறைஞ்சு நின்னுச்சுன்னா ரேயஸ் சாக் தேச்சுட்டே டேபிள சுத்தி வந்து, டேபிள் ஓரத்துல அங்க ஒரு குஷன் இங்க ஒரு குஷன்னு கண்ணாலயே அளந்துட்டு நிப்பாரே, அந்த நேரம் இப்ப வர்றதே இல்லீங்க. பிரேக்னு மொத அடி, வரிசையா எல்லாம் உள்ள, மறுபடி அடுக்கி அடுத்த ரேக். என்ன மாறுச்சு, ரூலா டேபிளா குச்சியா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொள்ளாச்சி_க்யூ:
தம்பி, நான் டேபிளுக்கு துணி மாத்தற வேல பாக்கறவன், அதுனால துணில இருந்தே ஆரம்பிக்கறேன். பழைய துணி மேல உள்ளங்கைய ஓட்டிப் பாத்தா முடி எந்திரிச்சு நிக்கறது தெரியும், ஒரு பக்கம் தடவுனா வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவுனா சொரசொரங்கும். அதுல வெள்ள பால டேபிளோட அந்தக் கோடிக்கு கொண்டு போகணும்னா கைல நல்ல பலம் வேணும். இப்ப போடற துணில அந்த முடியே கெடையாது, சும்மா தட்டுனாலே ஓடிட்டே இருக்கும். குச்சியும் அப்படித்தான், முன்னாடி மேப்பிள் மரம், நடுவுல அடிக்காம சைடு வச்சு அடிச்சா வெள்ள பால் கொஞ்சம் வெலகிப் போகும், அந்த வெலகல கணக்குப் போட்டு அடிக்கறதுக்கே வருசக்கணக்குல பழகணும், இப்ப கார்பன் ஃபைபர் வந்து அந்த வெலகல் ரொம்ப கொறஞ்சிருச்சு. அப்பறம் ரேக், அதாவது பால அடுக்கற விதம். மர முக்கோணத்த வச்சு அடுக்கறப்ப பாலுக்கு பாலு எங்கயாவது முடி இழை அளவு சந்து இருக்கும். இப்ப மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டு அதுமேல அடுக்கறாங்க, எல்லாம் ஒட்டி நிக்குது, மெதுவா அடிச்சாலே ஓரத்து பால் நேரா மூல பாக்கெட்டுக்குப் போயிருது. இதத் தடுக்கத்தான் இப்ப ஸ்பாட்ல, அதாவது டேபிள்ல குறிச்சிருக்கற புள்ளில, 1க்கு பதிலா 9 வக்கறாங்க, ரேக் மொத்தமும் முன்னால நகர்ந்துரும், ஓரத்து பால் முன்ன மாதிரி சுளுவா விழாது. அந்த மாத்தம் நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன்.

கூடலூர்_டீ_எஸ்டேட்:
அண்ணே துணி வெவரம் அருமை, ஆனா பெரிய மாத்தம் ரூல்லதான். முன்னாடி ரெண்டு ஃபவுல் ஆட்டம், ஒரே ஆளு அடுத்தடுத்து ரெண்டு ஃபவுல் பண்ணாத்தான் வெள்ள பால் எதிராளி கைக்குப் போகும். பால் மறைஞ்சிருந்தா எப்ப வேணாலும் புஷ் அவுட் பண்ணிக்கலாம், அதாவது அந்த பால தொடாமலே வெள்ள பால எங்கயாவது கஷ்டமான எடத்துல நிறுத்திட்டு எதிராளிகிட்ட "நீ அடிக்கறியா, நான் அடிக்கட்டா"ன்னு விட்டுரலாம். 80கள்ல டெக்சாஸ் எக்ஸ்பிரஸ்னு புது ரூல் வந்ததும் பிரேக்குக்கு அடுத்த ஷாட்ல மட்டும்தான் புஷ் அவுட், அதுக்கப்பறம் ஒரு ஃபவுல் ஆனாலே வெள்ள பால் எதிராளி கைக்கு, எங்க வேணாலும் வச்சு அடிக்கலாம். பழைய ஆளுங்க ஆட்டத்தையே கெடுத்துட்டாங்கன்னு திட்டுவாங்க, ஆனா யோசிச்சுப் பாருங்க, நாம ரேயஸ கொண்டாடுறதே அந்தப் புது ரூல்னாலதான். மறைஞ்ச பால தொட்டே ஆகணும்னு வந்தப்பறம்தான் குஷன்ல அடிச்சுத் தொடற வித்தைக்கு அவ்வளவு மதிப்பு. 1995ல அமெரிக்காவுல ரீனோல, அந்த நாட்டு ஆட்டக்காரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லாண்ட் 5ஆம் நம்பர ஒளிச்சு வச்சுட்டுப் போய் உக்காந்தாரு, ரேயஸ் ரெண்டு குஷன் அடிச்சு இசட் மாதிரி கொண்டு வந்து தொட்டதோட நிக்காம பாக்கெட்லயே போட்டாரு. பழைய ரூலா இருந்திருந்தா புஷ் அவுட் பண்ணிட்டு போயிருக்கலாம், அந்த ஷாட்டே நடந்திருக்காது. (ஸ்னூக்கர் ரூல் எழுதி ஒட்டுனது எங்க ஊட்டி கிளப்லன்னு பெருமையா சொல்லிக்கறோம், ஆனா மலைல பூல் டேபிள்னு பாத்தா ரிசார்ட்ல கெடக்கற ஒண்ணு ரெண்டுதான், அது வருத்தம்.)

பாலக்காடு_ரேக்:
அண்ணா, நீங்க தேடற அந்த நேரத்த எடுத்தது க்ளாக். இப்ப டிவி டேபிள்ல ஷாட்டுக்கு 30 செகண்ட், சுத்தி வந்து யோசிக்க எங்க நேரம்? ஆனா இப்ப ஆட்டம் சுளுவாயிருச்சுன்னா நான் ஒத்துக்க மாட்டேன். பாக்கெட்ட பாருங்க, முன்னாடி 5 இஞ்ச் கிட்ட, இப்ப நாலரை, பெரிய டோர்னமென்ட்ல அதவிடவும் சிறுசு. ஒரு பால் ரெண்டேகால் இஞ்ச், ரெண்டு பால சேத்து வச்சா நாலரைல சரியா அடைச்சுக்கும். அந்த வாய்ல 2024ல ஜெட்டால நடந்த உலக சாம்பியன்ஷிப் ஃபைனல்ல ஃபெடோர் கோர்ஸ்டும் எக்லென்ட் காச்சியும் கடைசி ரேக் வரைக்கும் போய் 15-14ல முடிஞ்சுது, எனக்கு கை வேர்த்துருச்சு. எனக்கு நிஜமா கொற என்னன்னா லேடீஸ் ஆட்டம்தான், அலிசன் ஃபிஷர் ஸ்னூக்கர்ல உலக சாம்பியனா இருந்துட்டு 1995ல அமெரிக்கா போய் பூலுக்கு மாறுனாங்க, ஜீனெட் லீயும் அவங்களும் ஆடறத அப்ப ஈஎஸ்பிஎன்ல காட்டுனாங்க. இங்க பார்லர்ல பொண்ணு குச்சி எடுத்தாலே எல்லாரும் ஆட்டத்த நிறுத்திட்டு திரும்பிப் பாக்கறாங்க.

வேலந்தாவளம்_ஒம்பது:
க்ளாக்க நான் நெனைக்கவே இல்லீங்க, சரிதான். இன்னொண்ணும் இப்பத்தான் படுது, அப்ப மேட்ச் நீளம். 1996ல ஹாங்காங்ல ரேயசும் ஸ்ட்ரிக்லாண்டும் ஆடுனாங்க, மொதல்ல 120 ரேக் எடுக்கறவருக்கு ஜெயிப்பு, மூணு நாள், ஜெயிக்கறவருக்கு ஒரு லட்சம் டாலர், தோத்தவருக்கு ஒண்ணுமில்ல. ரேயஸ் ரொம்ப பின்னாடி கெடந்து கடைசில 120-117. அவ்வளவு நீளம் இருந்தா அதிர்ஷ்டம் எல்லாம் கழிஞ்சு யார் நெஜமான ஆளுன்னு தெரிஞ்சுரும், அந்த மாதிரி மேட்ச் வருசத்துக்கு ஒண்ணாவது டிவில வரணுங்க.

பொள்ளாச்சி_க்யூ:
இங்க மார்க்கெட் ரோட்டுப் பக்கம் ஒரு டேபிளுக்கு போன வாரம்தான் துணி மாத்துனேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் வாங்க, ரெண்டு ஃபவுல் ரூல்ல ஆடிப் பாக்கலாம், பாலக்காட்டு அம்மிணியும் வரட்டும், க்ளாக் கெடையாது. கூடலூர் தம்பி வர்றதுன்னா முன்னாடியே சொல்லுங்க, மர முக்கோணம் எடுத்துட்டு வர்றேன்.