இட்டெர்பி: ஒரு ஊர்ப் பெயர், நான்கு தனிமங்கள்

பகிர்வு 1

பள்ளியில் இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் என்ற நான்கும் எனக்கு ஓயாமல் குழம்பும். நான்குமே ஒரே ஊரின் பெயர் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. போன கோடையில் வேலையாக ஸ்டாக்ஹோம் போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமையை அந்த ஊருக்கென்றே ஒதுக்கினேன்.

வாக்ஸ்ஹோம் நகராட்சியில் ரேசாரோ என்று ஒரு தீவு. பாலம் இருப்பதால் பேருந்திலேயே போய்விடலாம். அங்கேதான் இட்டெர்பி. ஸ்வீடிஷ் மொழியில் 'இட்டெர்' என்றால் வெளிப்புறம், 'பி' என்றால் ஊர். புறத்தே இருக்கும் ஊர், அவ்வளவுதான் பொருள்.

வீடுகளுக்குப் பக்கத்திலேயே பாறை மேடு, அதில் பழைய சுரங்கம். 1933இல் வேலை நின்றுபோனது, வாயையும் அடைத்துவிட்டார்கள். பீங்கானுக்கு வேண்டிய ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்களைத்தான் இங்கே வெட்டினார்கள். 1787இல் கார்ல் ஆக்செல் அர்ஹேனியஸ் என்ற ராணுவ லெப்டினன்ட்டின் கண்ணில் கனமான கறுப்புக் கல் ஒன்று பட்டது. 1794இல் வேதியியலாளர் யோஹான் கடோலின் அதை ஆராய்ந்து, அதுவரை யாரும் அறியாத ஒரு ஆக்சைடு அதில் இருப்பதைக் கண்டார். அதுதான் இட்ரியா; அதிலிருக்கும் தனிமம் இட்ரியம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அப்புறம் நடந்தது. 1843இல் மொசாண்டர் என்ற வேதியியலாளர் அந்த இட்ரியாவுக்குள்ளேயே இன்னும் இரண்டு ஆக்சைடுகள் ஒளிந்திருப்பதைப் பிரித்துக் காட்டினார். பெயருக்கு வேறெங்கும் போகாமல் ஊர்ப் பெயரையே நறுக்கினார்: டெர்பியா, எர்பியா. அவற்றின் தனிமங்கள்தான் டெர்பியமும் எர்பியமும். 1878இல் மரினாக் என்ற வேதியியலாளர் இன்னொன்றைப் பிரித்தார். அதற்குக் கிட்டத்தட்ட முழுப் பெயரும் போய்ச் சேர்ந்தது, இட்டெர்பியம் என்று. நடுவில் எர்பியாவும் டெர்பியாவும் ஒன்றின் பெயர் மற்றதற்கு என்று மாறியே போயின. வேதியியலாளர்களுக்கே குழம்பிய பெயர்கள்!

மேட்டில் உட்கார்ந்திருந்தபோது காலடியில் காக்காப்பொன் மினுங்கியது. நகத்தால் லேசாக நெம்பினேன், ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது. பக்கத்தில் இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார் துண்டு. இரண்டையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினேன். கீழே தெருக்களுக்கும் இட்ரியம் தெரு, டெர்பியம் தெரு என்றுதான் பெயர்.

பகிர்வு 2

போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோத்தன்பர்க் பக்கம், குங்கெல்வ் அருகில் இதே பெயரில் இன்னொரு ஊர் உண்டு, ரயில் நிலையத்தோடு. சுரங்கம் அங்கே இல்லை. நான் முதலில் அங்கேதான் பயணச்சீட்டு எடுத்தேன். நல்லவேளை, உடன் வேலை பார்ப்பவர் பார்த்துச் சொன்னார். வரைபடத்தில் ரேசாரோ என்று தேடுங்கள்.

பகிர்வு 3

நான் அந்த ஊருக்குப் போனதில்லை. ஆனால் அதன் பெயரோடு தினமும் வேலை பார்க்கிறேன். கடலடி இணையக் கேபிள்களில் ஒளி மங்கிப்போகாமல் வழி நெடுக வலுவூட்டுவது எர்பியம் கலந்த கண்ணாடி இழைதான். ஆய்வகத்தில் முதன்முதலாக லேசரை இணைத்த நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விளக்கை அணைத்ததும், சுருளாகக் கிடந்த இழை முழுக்கப் பச்சையாக ஒளிர ஆரம்பித்தது. அது எர்பியத்தின் பச்சை. வேலையை விட்டுவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.