படப்பிடிப்பில் குழந்தைகள்: அந்த ஐந்து மணி நேரத்தை யார் எண்ணுகிறார்கள்?

சென்னையிலிருந்து ஒரு தாய்:

என் மகளுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது, பள்ளி ஆண்டு விழாவில் அவள் ஆடியதைப் பார்த்த, விளம்பரங்களுக்குக் குழந்தைகளை ஏற்பாடு செய்து தரும் ஒரு கோ-ஆர்டினேட்டர், நெய் விளம்பரம் ஒன்றில் நடிக்க அவளை அனுப்ப முடியுமா என்று கேட்டார். ஒரே நாள் வேலை, பதினைந்தாயிரம் ரூபாய், பள்ளிக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தால் போதும் என்றார். நாங்களும் மகிழ்ச்சியோடுதான் சம்மதித்தோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், படப்பிடிப்புக்கென்று வாடகைக்கு விடும் ஒரு பங்களாவுக்குக் காலை ஒன்பது மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்குள் பட்டுப் பாவாடை, மல்லிகைச் சரம், பவுடர் என எல்லா அலங்காரமும் முடிந்துவிட்டது. உட்கார்ந்தால் பாவாடை கசங்கும் என்று காஸ்ட்யூமர் சொன்னதால், குழந்தை ஒரு தூணில் சாய்ந்து நின்றபடியே காத்திருந்தாள். மதியச் சாப்பாட்டையும் பாவாடையில் படக்கூடாது என்று கழுத்திலிருந்து கால்வரை துண்டு போர்த்தி, நிற்கவைத்தே ஊட்டினேன். அவளுடைய முதல் ஷாட் எடுக்கப்பட்டபோது மணி மாலை நான்கு. அன்றைய படப்பிடிப்பு முடிந்தது என்று பேக்கப் சொன்னபோது இரவு எட்டரை. பதினொன்றரை மணி நேரம் ஆகிவிட்டதே என்று புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கேட்டேன். "கேமரா முன்னாடி நின்னது நாலரை மணி நேரம்தானேம்மா, சட்டப்படி அஞ்சு மணி நேரம் வரைக்கும் போகலாம்" என்று அவர் மிகவும் மரியாதையாகவே பதில் சொன்னார். அப்படி ஒரு சட்டம் இருப்பதே எனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது.

நான் இதை எழுதுவதற்குக் காரணம் நேரக் கணக்கு மட்டுமல்ல. கதைப்படி, தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிட மறுக்கும் குழந்தையின் கண்ணில் நீர் தளும்ப வேண்டும். அவளுக்கு அழுகை வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள் என்று சொல்லி என்னை வெளித் திண்ணையில் உட்காரவைத்தார்கள். அதன்பின் உதவியாளர் ஒருவர் அவள் காதருகே குனிந்து, "உங்க அம்மா உன்னை விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். ஷாட் ஓகே ஆகிவிட்டது, உள்ளே எல்லோரும் கைதட்டினார்கள், அந்தச் சத்தம் கேட்டு நான் பெருமைப்பட்டேன். நடந்ததை அன்றிரவு காரில் அவளே சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு வாரங்கள், நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று "அம்மா, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகுதான் விதிகளைத் தேடிப் படித்தேன். 14 வயது நிறைவடையாத குழந்தைகளை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அதில் விலக்குப் பெற்றவற்றுள் சினிமா, தொலைக்காட்சி, விளம்பரம் ஆகியவற்றில் கலைஞராகப் பணியாற்றுவதும் ஒன்று. அந்த விலக்குக்கு 2017-ஆம் ஆண்டு விதிகள் நிபந்தனைகளை வகுத்தன. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குழந்தையின் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் மாறாக எதிலும் பங்கேற்க வைக்கக் கூடாது. அதன் உடல்நலத்தோடு மனநலத்துக்கும் தயாரிப்பாளர் எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது இவற்றில் ஒன்றாவது எனக்குத் தெரிந்திருந்தால் எழுந்து உள்ளே போயிருப்பேன்.

முன்னாள் உதவி இயக்குநர் ஒருவர்:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் என் வேலையில் மனம் செல்லவில்லை. நான் மேசையின் மறுபக்கத்தில் இருந்தவன். படப்பிடிப்பு எந்த மாவட்டத்தில் நடக்கிறதோ, அந்த மாவட்ட ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்னதாகவே அனுமதி பெற வேண்டும். அந்தக் கோப்பைத் தயார் செய்து ஆட்சியர் அலுவலகத்துக்கு எடுத்துப் போகும் வேலை ஒரு படத்தில் எனக்கு வந்தது. 'சி' படிவத்தில் உறுதிமொழி, நடிக்கும் குழந்தைகளின் பட்டியல், பெற்றோரின் சம்மதக் கடிதங்கள், குழந்தைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்பவரின் பெயர் ஆகியவை அதில் இருக்க வேண்டும். உறுதிமொழி ஆறு மாதங்களுக்குச் செல்லும். செங்கல்பட்டில் வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு தென்காசியில் எடுக்க முடியாது என்பது, லாரி கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு வரை எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் என்பது விதி. எங்கள் வகுப்பறைக் காட்சியில் ஒன்பது குழந்தைகள் என்பதால் இரண்டு பெயர்கள் தேவைப்பட்டன. நான் என் பெயரையும் இன்னொரு உதவி இயக்குநரின் பெயரையும் எழுதினேன். அன்று முழுவதும் நான் கிளாப் அடித்துக்கொண்டிருந்தேன், அவர் ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருட்களும் மாறாமலிருக்கக் குறிப்பெடுக்கும் கன்டினியூட்டி எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பது பேரில் யார் சாப்பிட்டார்கள், யார் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தயங்கி நின்றார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. வேறு வேலை எதுவும் இல்லாத ஒருவரையே பொறுப்பாளராக நியமிக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருந்திருந்தால் நான் அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்க மாட்டேன். அப்படி ஒரு வரி இல்லாமலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்பதும் உண்மை.

அதே படத்தில் ஒரு காளை மாடு வந்தது. விலங்கு நல வாரியத்தின் சான்று இல்லாமல் தணிக்கைக்குப் போக முடியாதே என்று அலுவலகமே பதறி, அதற்கென்று ஓர் ஆளை நியமித்து, ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை சரிபார்த்தார்கள். அந்தப் பதற்றத்தில் பாதியைக்கூட குழந்தைகளின் கோப்பில் நான் பார்க்கவில்லை. படத்தின் தொடக்கத்தில், குழந்தைகள் எவ்விதத் துன்புறுத்தலுக்கும் சுரண்டலுக்கும் ஆளாகாதபடி நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன என்ற அறிவிப்பைத் தட்டச்சு செய்து கொடுத்ததும் நான்தான்.

எண்பதுகளின் இறுதியில் நடித்த ஒருவர்:

பெயருக்கு முன்னால் 'பேபி' என்று போட்டு என்னை அழைத்த காலம் அது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குழந்தைகளுக்குத் தடைசெய்யப்பட்ட தொழில்களைப் பட்டியலிட்டது. நடிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே எங்களுக்கு நேர வரம்பும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. நான்காம் வகுப்பில் நான் எத்தனை நாள் உட்கார்ந்தேன் என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் குழந்தையை நடிக்க வைக்கக் கூடாது என்றும், பாடம் விட்டுப்போகாமல் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

என் அப்பா கெட்டவர் அல்ல. என் சம்பளம் வீட்டுக் கடனுக்கும் அக்காவின் கல்யாணத்துக்கும் போனது. கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய வயதில் என் பெயரில் ஒரு ரூபாய் இல்லை. அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்ற சிறுவன் சம்பாதித்ததெல்லாம் இப்படிக் கரைந்துபோய், அவர் வளர்ந்து நீதிமன்றம் சென்ற பிறகுதான், 1939-இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்துக்குப் பாதுகாப்பாக ஒரு சட்டம் வந்தது. நம் விதிப்படி, குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாக நேரடியாகச் செலுத்தப்பட வேண்டும். சென்ற ஆண்டு என் தங்கை மகன் ஒரு தொடரில் நடித்தபோது, முழுத் தொகையும் கோ-ஆர்டினேட்டர் கணக்குக்குத்தான் போகும், வைப்பு நிதியை வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். நாங்கள் விதியின் நகலை எடுத்துக்கொண்டு மூன்று முறை அலுவலகத்துக்கு நடந்தோம். நாற்பதாயிரத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கான ரசீதை அவன் பெயரோடு கையில் வாங்கியபோது, வங்கியிலேயே நான் அழுதுவிட்டேன்.

மீண்டும், முதலில் எழுதிய தாய்:

உங்கள் இருவருக்கும் நன்றி. இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணனின் மகள் அங்கே ஒரு நாடகத்தில் நடிக்க, உள்ளூராட்சி மன்றத்தின் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அங்கே இரண்டு கடிகாரங்கள் என்று அண்ணி சொன்னார். 2014-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, ஐந்து முதல் எட்டு வயதுவரையுள்ள குழந்தை ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நடிக்கவோ ஒத்திகை பார்க்கவோ கூடாது. அதோடு, அந்த இடத்தில் இருக்கும் மொத்த நேரமும் எட்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தூணில் சாய்ந்து நிற்கும் நேரமும் அங்கே கணக்கில் வருகிறது. நம் விதியில் 'வேலை' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. காத்திருப்பும் வேலைதான் என்று அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

போன மாதம் அதே கோ-ஆர்டினேட்டர் வேறொரு விளம்பரத்துக்காக அழைத்தார். போகலாமா என்று மகளிடம் கேட்டேன். "நீ உள்ளேயே இருப்பியா?" என்றாள். ஆட்சியர் அனுமதியின் நகல், பொறுப்பாளரின் பெயர், என் மகள் தளத்துக்கு வந்து திரும்பும் நேரம் ஆகிய மூன்றையும் எழுத்தில் தருமாறு நான் அவரிடம் கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்றவர் பிறகு அழைக்கவே இல்லை. இப்போது அந்த விளம்பரம் தொலைக்காட்சியில் வருகிறது. அதில் என் மகளின் வயதையொத்த ஒரு பெண் குழந்தை அழுகிறாள்.