முதல் தடவை மைக்ராஸ்கோப்பில் நீங்கள் பார்த்தது என்ன?

பதினொன்றாம் வகுப்பு பிராக்டிகல். வெங்காயத்தின் உள்தோலை உரித்து ஸ்லைடில் வைத்து, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டாயிற்று. கவர் ஸ்லிப்பை ஊசியில் தாங்கி, சாய்த்து, மெதுவாக இறக்கச் சொன்னார்கள். நான் எண்ணெயில் அப்பளம் போடுகிற மாதிரி தொப்பென்று போட்டேன். கண்ணை வைத்தால் கறுப்பு விளிம்போடு அழகான வட்டம்! அதை ரெக்கார்ட் நோட்டில் பக்கம் முழுக்க வரைந்து, நடுவில் மினுங்கிய வெளிச்சத்துக்கு அம்புக்குறி போட்டு ‘உட்கரு’ என்றும் எழுதிவிட்டேன். மிஸ் குனிந்து பார்த்துவிட்டு, “இது காற்றுக் குமிழிடா” என்றார். அவர் ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தியதும்தான் செங்கல் அடுக்கியது போல நீள நீளமான செல்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு.

எனக்கு ஒரே ஆறுதல் ராபர்ட் ஹூக்தான். தக்கையைப் பேனாக்கத்தியால் மெல்லிசாகச் சீவி, அது வெள்ளையாக இருப்பதால் கறுப்புத் தட்டில் வைத்துப் பார்த்து, ஒரு கன அங்குலத்தில் 125 கோடிக்கு மேல் அறைகள் என்று கணக்கும் போட்டு, 1665இல் ‘செல்’ என்று பெயர் வைத்தாரே, அவர் பார்த்ததும் செத்துப்போன வெற்றுச் சுவர்களைத்தான். சரி, அவருக்குச் சுவராவது கிடைத்தது.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

*

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘கலம்’, ‘நுணுக்குக்காட்டி’ என்றுதான் படித்தோம். ‘செல்’ என்றால் எனக்கு முதலில் டோர்ச் பற்றரிதான் ஞாபகம் வரும்.

இப்போது இருப்பது நெதர்லாந்தில். லைடன் நகரத்து பூர்ஹாவே அருங்காட்சியகத்துக்குப் போனபோது, பதினேழாம் நூற்றாண்டு லீவன்ஹூக் தன் கையால் செய்த நுணுக்குக்காட்டியைக் கதவுப் பிணைச்சல் என்று நினைத்துக் கடந்து போய்விட்டேன். பெயர்ப்பலகையை வாசித்துவிட்டுத் திரும்பி வந்தேன். குழாய் ஒன்றும் இல்லை. விரல் நீளம்கூட வராத உலோகத் தகடு, அதில் சின்ன ஓட்டை, ஓட்டைக்குள் ஒற்றை லென்ஸ். பார்க்க வேண்டியதை ஊசி முனையில் வைத்து, திருகாணியைத் திருகி, தகட்டைக் கண்ணோடு ஒட்டிப் பிடிக்க வேணும். அந்தக் காலத்தில் லென்ஸ்களைக் கூட்டினால் உருவத்தின் விளிம்பில் நிறம் பிரிந்து மங்கிவிடும், ஒற்றை லென்ஸில் அந்தக் கரைச்சல் குறைவு. யூட்ரெக்டில் இருக்கிற ஒன்று ஏறக்குறைய 270 மடங்கு பெரிதாக்குமாம். டெல்ஃப்டில் துணி வியாபாரம் பார்த்த மனுஷன்!

*

நான் லேப் டெக்னீஷியன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நைட் டியூட்டியில், காய்ச்சல்காரர் ஒருவருடைய ரத்தத்தை ஸ்லைடில் மெல்லிசாகத் தேய்த்த ஸ்மியர். ஆயில் விட்டு 100எக்ஸில் பார்த்தால் சிவப்பணுவுக்குள் ஊதாவாக ஏதோ இருக்கிறது. மலேரியா என்றே எழுதிவிட்டேன். ரிப்போர்ட் வெளியே போவதற்குள் சீனியர் அக்கா ஒரு தடவை பார்த்தார். “சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிகிறதா? இது உள்ளே இல்லை. பிளேட்லெட் என்கிற தட்டணு, சிவப்பணுவின் மேலே உட்கார்ந்திருக்கிறது.” இன்றைக்கும் சந்தேகம் வந்தால் ஃபோகஸ் செய்கிற ஃபைன் நாபைக் கொஞ்சம் முன்னும் பின்னும் திருகிப் பார்ப்பேன், மேலே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியாது. முதல் பதிவு போட்ட தம்பி, குமிழி எல்லாம் ஒரு விஷயமே இல்லை.

*

லீவன்ஹூக் பேச்சு வந்ததால் சொல்கிறேன். மிளகு ஏன் காரமாக இருக்கிறது, நாக்கைக் குத்துகிற மாதிரி அதில் முள் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர் மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். தெரிந்ததோ தண்ணீருக்குள் குட்டிக் குட்டியாக ஓடுகிற உயிர்கள். 1676இல் லண்டனில் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டிக்கு எழுதினார், அங்கே லேசில் நம்பவில்லை. மறு வருஷம் நவம்பரில் ஹூக்கே மிளகுத் தண்ணீர் தயாரித்து எல்லாருக்கும் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

என் மகளிடம் ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு செய்தது, காகிதத்தை மடித்து அதில் ஒரு குட்டி லென்ஸ், 140 மடங்கு. நாமும் செய்து பார்ப்போமே என்று மிளகை ஊறப்போட்டேன். முதல் டம்ளரைப் பழைய ரசம் என்று நினைத்து வீட்டில் கொட்டிவிட்டார்கள். இரண்டாவது டம்ளரில் இரண்டு வாரத்தில் மேலே ஆடை கட்டியது. அதற்குக் கீழிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் வெறும் தூசு போலத்தான் இருந்தது. மகள்தான் கண்டுபிடித்தாள்: தூசு எல்லாம் ஒரே பக்கமாக மிதந்து போகிறது, ஒன்று மட்டும் நின்று, திரும்பி, எதிர்ப்பக்கம் போகிறது. அப்புறம் அந்த மாதிரி இன்னும் நாலைந்து. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு ஒன்பதரைக்கு.

*

சார், மிளகை இடித்துப் போட வேண்டுமா, முழுசாகவா?

*

நான் முழுசாகத்தான் போட்டேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். டம்ளர் மேல் ‘கொட்டாதே’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.