கழுந்து இறங்கும்போது கேட்ட 'டிக்'

கொட்டாப்புளி:
பள்ளி மரவேலைப் பட்டறை, மரச் சட்டம் கோர்க்கும் நாள். 45×20 மி.மீ. கட்டை, நாலு மூலையிலும் துளை-கழுந்து, அதாவது ஒரு கட்டையின் துளைக்குள் அடுத்த கட்டையின் நுனியில் சீவிய நாக்கு (கழுந்து) இறங்கும் இணைப்பு. பசை தடவி ஒரு பையன் தட்டுகிறான். மூணாவது தட்டில் 'டிக்'. துளை முனையிலிருந்து கட்டையின் நுனி வரை பிளவு. தட்டியவனைத் திட்டி என்ன பயன்? துளைக்கு வெளியே இருந்ததே 4 மி.மீ. மரம்தான். நுனியில் 20 மி.மீ. கூடுதலாக விட்டு, பசை காய்ந்தபின் அறுத்திருக்க வேண்டும்.

இழைப்புளி:
பாதிதான் சரி. கழுந்து தடித்திருந்தால் 50 மி.மீ. விட்டாலும் பிளக்கும், ஆப்பு மாதிரி. கையால் அழுத்தியே பாதி இறங்கணும், மீதிக்கு லேசான தட்டு. இறுகினால் கழுந்தின் கன்னத்தை (அகலமான பக்கவாட்டை) சீவுங்கள், துளையைத் தொடாதீர்கள். மூலை இணைப்பில் கழுந்தின் அகலத்தை 30 ஆகக் குறைத்து, மீதி 15 மி.மீ. இடத்தில் குட்டையான தோள் (கொஞ்சமே உள்ளே இறங்கும் படி) விட வேண்டும். அதைச் செய்திருந்தால் 4 மி.மீ. பேச்சே வந்திருக்காது.

மூலைமட்டம்:
நான் பார்த்தது நேர்மாறு. சட்டத்தைத் தூக்கியதும் கழுந்து தானாகக் கழன்று விழுந்தது. கோட்டின் மேலேயே அறுத்திருக்கிறார்கள். ரம்பம் தின்னும் தடிமன் கழிவுப் பக்கம் போகணும், கோடு பாதியாவது தெரியணும். இன்னொன்று, மார்க்கிங் கேஜை (விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கருவி) எப்போதும் முகப்புப் பக்கத்திலிருந்தே ஓட்டுங்கள். ஒரு கட்டைக்கு முகப்பு, அடுத்ததற்குப் பின்பக்கம் என்றால் இணைப்பு படி மாதிரி துருத்தும்.

உளிமுனை:
எல்லாரும் உளியை மறந்துவிட்டீர்கள். மழுங்கிய உளி நாரை வெட்டாது, நசுக்கும். துளைச் சுவர் சொரசொரப்பாகி அளவு ஏமாற்றும். முதலில் உளியின் பின்பக்கத்தைக் கல்லில் தட்டையாக்குங்கள். சரிவு 25 பாகை, முனையில் மட்டும் 30. பின்பக்கம் நெடுக மெல்லிய பிசிர் விரலில் தட்டும்வரை தேய்த்து, பிறகு அதை எடுங்கள். 20 மி.மீ. கட்டைக்குத் துளை அகலம் மூன்றில் ஒரு பங்கு, அதனால் 6 மி.மீ. உளி. துளையின் நடுவில் தொடங்கி அதன் முனையை நோக்கி, கடைசி 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள். நெம்பும்போது நசுங்குவது அந்த ஓரம்தான். அதைக் கடைசியில் நேராக இறக்கிச் சீவலாம். ஊடுருவும் துளை என்றால் இரண்டு பக்கமும் பாதிப் பாதி.

கொட்டாப்புளி:
உளியைப் பற்றி யார் கேட்டார்கள்! பிளந்த கட்டையை என்ன செய்ய?

இழைப்புளி:
பசை பிடிக்குமுன் கழுந்தை உருவிவிடுங்கள். பிளவுக்குள் மெல்லிய தகட்டால் பசை ஏற்றி, குறுக்கே கிளாம்ப் போட்டு ஒரு இரவு விடுங்கள். துளைக்குள் வழிந்த பசையை உடனே துடைக்கணும், காய்ந்தால் கழுந்து மறுபடி இறுகும்.